பன்னிரண்டு பாடம் எடுத்தவர்

எங்கள் பெரியப்பாவின் பெயர் பன்னிரண்டு. அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அதை மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் பார்க்கலாம். தெருவில் அவர் பன்னிரண்டு, அவர் கடை பன்னிரண்டு கடை, பெரியம்மா பன்னிரண்டு வீட்டம்மா. கடையின் கதவிலக்கம் என்னவோ ஏழு. புதிதாக வேலைக்கு வரும் தபால்காரர்கள் இதனால் கொஞ்ச நாள் திண்டாடுவார்கள். உண்மையான பன்னிரண்டாம் இலக்கத்தில் இருக்கும் பல் வைத்தியருக்கு வரவேண்டிய கடிதங்கள் எங்கள் கடையில் வந்து விழும். பெரியப்பா அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தோரணையைப் பார்க்க வேண்டும். தன்னுடைய இலக்கத்தைப் பாவம் போனால் போகிறதென்று வைத்தியருக்கு இரவல் கொடுத்திருப்பவர் மாதிரி இருக்கும்.

பெயர் வந்த கதை இதுதான். பெரியப்பா படித்த காலத்தில் புகுமுகத் தேர்வுக்குப் பிள்ளைகள் நான்கு பாடம் எடுப்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்து. எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விதிகளில் ஒரு வரி இருந்தது; யாரும் திறக்காத ஜன்னல் மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. பெரியப்பா திறந்தார். கணக்கு, பௌதிகம் என்று தொடங்கி நிலவியல், தத்துவம், மனையியல் வரைக்கும் பன்னிரண்டு எடுத்தார். பள்ளிக்கூடமே அதிர்ந்துபோய், பன்னிரண்டு புத்தகங்களையும் அடுக்கி அவர் கையில் கொடுத்து, மேல் புத்தகத்தை மோவாயால் அழுத்திப் பிடிக்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தது. அந்தப் படம் இன்றைக்கும் கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்கு நேர் மேலே தொங்குகிறது. படத்தில் அவர் முகம் மூக்குக்கு மேலேதான் தெரியும். கண்ணில் இருப்பது பெருமையா, புத்தகம் சரிந்துவிடும் என்ற பயமா என்று சொல்ல முடியாது.

அந்தப் படத்துக்குப் பிறகு அவர் வாழ்க்கையில் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் "குடும்பச் சூழ்நிலை" என்பார். சூழ்நிலை என்ற சொல்லைத் தாண்டி யாரும் கேள்வி கேட்பதில்லை. அதற்காகவே மொழியில் அந்தச் சொல் இருக்கிறது. ஒரு அச்சகத்தில் கொஞ்ச காலம், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கொஞ்ச காலம். பிறகு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இந்த ஜெராக்ஸ் கடை. இரண்டு மெஷின்கள், ஒன்று எப்போதும் ஓடும், இன்னொன்று எப்போதும் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். பக்கத்தில் லேமினேஷன் மெஷினும் பெரியம்மாவும். சூடான பிளாஸ்டிக்கும் மைத்தூளும் கலந்த ஒரு வாசனை, கடையை மூடிய பிறகும் இருவர் துணிகளிலும் வீட்டுக்கு வரும்.

பெரியப்பாவின் வேலை முறை தனி. யாராவது சான்றிதழ் கொண்டு வந்தால் முதலில் வாங்கிப் படிப்பார். நிதானமாக, வரி வரியாக. பிறகு ஒரு அபிப்பிராயம் சொல்வார். அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் வைத்து மூடியைச் சாத்துவார். இந்த ஊரில் யார் ரசாயனத்தில் கோட்டை விட்டார்கள், யாருடைய மருமகள் கணக்கில் தேறியது அதிர்ஷ்டத்தால்தான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு வந்தாலும் அப்படியேதான். "சர்க்கரை போன தடவைக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுத்தான் எத்தனை காப்பி என்று கேட்பார்.

தேர்வுக்குப் பாடம் பதிவு செய்யும் மாதம் வந்துவிட்டால் கடை கடையாக இருக்காது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். கையில் ஒப்புக்கு ஜெராக்ஸ் எடுக்க ஏதாவது ஒரு காகிதம் இருக்கும்.

"எத்தனை எடுக்கறான்?"

"ஆறு சார்."

"ஆறா?" பெரியப்பா பையனை மேலும் கீழும் பார்ப்பார். "ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான் சார்."

"நல்லா இருக்கற பிள்ளைக்கு ஆறு எதுக்கு? கூட ரெண்டு எடுத்து வை. கெட்டுப்போறதுக்கு அது என்ன பாலா?"

ஆறோடு உள்ளே வந்தவர்கள் எட்டோடு வெளியே போவார்கள். இப்படித்தான் முடிதிருத்தும் கடைக்காரரின் மகள் ஒன்பது எடுத்தாள். இப்படித்தான் ஒரு பஸ் கண்டக்டரின் மகன், இந்த ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு வெளிநாட்டு மொழியைப் பத்தாவது பாடமாக எடுத்தான். வாய்மொழித் தேர்வுக்கு வந்த அதிகாரிக்கும் அந்த மொழி அவ்வளவாக வராதாம். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டு மரியாதையாகப் பிரிந்திருக்கிறார்கள்.

இதில் தமாஷ் என்னவென்றால், பல்கலைக்கழகம் பார்ப்பது நான்கே நான்கு பாடங்களைத்தான். எத்தனை எடுத்தாலும் அதில் மேலான நான்கு. ஐந்தாவதிலிருந்து எல்லாம் தெருவுக்காக.

நான் சில வருஷங்கள் வெளிநாடுகளில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, அங்கே என்ன சாப்பிட்டாய், குளிருமா என்றெல்லாம் மற்றவர்கள் கேட்டார்கள். பெரியப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்கெல்லாம் பிள்ளைங்க எத்தனை எடுக்கறாங்க?"

"சில இடத்துல மூணுதான், பெரியப்பா."

"மூணா? அது பாடமா, சாப்பாட்டு வேளையா?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பரிதாபமாகவும் பார்த்தார்கள். மூன்று பாடம் படிக்கும் தேசங்களில் வீணாகத் திரிந்துவிட்டு வந்தவள் அல்லவா. வீட்டில் சும்மா உட்கார என்னால் முடியாது என்பதால், அன்று முதல் கடையில் மெஷினுக்குக் காகிதம் அடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் பாப்பாவைக் கவனித்தேன்.

பாப்பா பெரியப்பாவின் ஒரே மகள். பதினேழு வயது, என்னைவிட உயரம், ஆனாலும் பாப்பா. அந்த வருஷம் அவளுக்குப் புகுமுகத் தேர்வு. மருந்துக்கடைக்காரர் மகன் பதினொன்று எடுக்கிறான் என்று காற்றில் சேதி வந்தது. அந்த நிமிஷமே பாப்பாவுக்குப் பன்னிரண்டு என்று தீர்மானமாகிவிட்டது. அவளைக் கேட்கவில்லை, வாரிசிடம் யாராவது கேட்பார்களா?

அவளுக்கு வேண்டியது நான்கு. கணக்கு, பௌதிகம், பூகோளம், வரைகலை. நில அளவை சொல்லித்தரும் ஒரு கல்லூரியில் அவளுக்குக் கண். அந்த நான்கிலும் நன்றாக வந்தால்தான் இடம் கிடைக்கும். கடையில் வீணாய்ப்போன காகிதங்களின் பின்பக்கம் முழுக்க அவள் கோடுகள் இருக்கும்: மேடு, பள்ளம், ஓடை, உயரத்தைக் காட்டும் வளையங்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் காகிதம் எழும்பி நிற்பது போலத் தோன்றும். ஆனால் மாதிரித் தேர்வில் வரைகலையில் அவள் பாதிப் படத்தோடு எழுந்து வந்திருந்தாள். முந்தின நாள் தத்துவம் மனப்பாடம் செய்ததில் தூங்கவே இல்லை. கணக்கிலும் இறங்கிவிட்டது. கடைக்கு வந்தால் லேமினேஷன் மெஷினின் கதகதப்பில் தலைவைத்துத் தூங்கிவிடுவாள்.

"தள்ளிப் படுடி. ஒரு நாள் காகிதம்னு நெனச்சு உன்னையும் உள்ளே விட்டுடப் போறேன்" என்பார் பெரியம்மா. சொல்லிவிட்டு, அவள் தலைக்குக் கீழே ஒரு கட்டுக் காகிதத்தை வைப்பார்.

பதிவுக்குக் கடைசி நாள் நெருங்கியது. விண்ணப்பத்தில் பெற்றவர் கையெழுத்து வேண்டும்.

"அக்கா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு."

"நான் சொன்னா பதிமூணாக்கிடுவாரு, பாப்பா."

"எனக்கு நாலுதான் முடியும். பன்னிரண்டு எழுதினா அந்த நாலும் போயிடும். காலேஜும் போயிடும்." அழவில்லை. கணக்கைச் சரிபார்ப்பவள் போலச் சொன்னாள்.

எனக்கு அன்றைக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை வருஷமாக அந்தப் படத்தின் கீழே நின்றிருக்கிறோம். அந்தப் பன்னிரண்டும் கடைசியில் என்ன ஆயின? பெரியப்பா மைத்தூள் வாங்கப் போயிருந்த நேரத்தில் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"பெரியம்மா, பெரியப்பாவுக்கு அந்தப் பன்னிரண்டுலயும் மார்க்கு எப்படி வந்தது?"

பெரியம்மா ஒரு திருமணப் பதிவுச் சான்றிதழை மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இத்தனை வருஷத்துல நீ ஒருத்திதான்டி கேட்டிருக்கே. ரெண்டுல பாஸு."

"ரெண்டா!"

"மெதுவா. சரித்திரம் ஒண்ணு. இன்னொண்ணு மனையியல். இன்னிக்கு வரைக்கும் அடுப்பைப் பத்தவைக்கத் தெரியாது மனுஷனுக்கு. அதுல நல்ல மார்க்கு வேற."

"அப்ப இத்தனை காலமும் பொய்யா சொல்லிக்கிட்டு இருக்காரு?"

"சேச்சே. அவர் வாயில பொய்யே வராது." பெரியம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "பன்னிரண்டு பாடம் எடுத்தேன்னுதானே சொல்றாரு? எடுத்தாரு. எங்கப்பா அதை மார்க்கு எடுத்ததா எடுத்துக்கிட்டு என்னைக் கட்டிக்குடுத்தாரு. போன வருஷம் புதுசா வந்த வாத்தியார், இவர் பன்னிரண்டு பாடத்துக்கு வகுப்பு எடுத்தவர்னு எடுத்துக்கிட்டுக் கும்பிடே போட்டுட்டாரு. ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கிட்டா அவர் என்னடி பண்ணுவாரு?"

ஒரே ஒரு வினைச்சொல்லில் குடியிருக்க ஒரு மனிதர் இடம் கண்டுபிடித்து, குடும்பத்தையும் அதற்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

"பாப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

சான்றிதழ் பளபளவென்று மறுபக்கம் வந்து விழுந்தது. பெரியம்மா அதன் ஓரங்களைக் கத்திரிக்கோலால் சீராக வெட்டினார்.

"சொல்லிட்டா அப்புறம் அவர்கிட்ட என்ன இருக்கு? ரெண்டு மெஷினு. அதுலயும் ஒண்ணு ஓடாது."

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். 'எத்தனை பாடம்?' என்பதுதான் பேச்சு. பூகோள டீச்சர் ஒருத்தர் ஐந்துக்கு மேல் யாரையும் அனுமதிக்கக் கூடாது என்று தலைமையாசிரியையிடம் மல்லுக்கு நின்றிருந்தார். தலைமையாசிரியைக்கோ பள்ளிக்கூட வாசலில் தொங்கும் பெரிய விளம்பரத் துணி முக்கியம். அதில் பிள்ளைகளின் முகமும் பக்கத்தில் எண்ணும் இருக்கும். ஓட்டப்பந்தயக் குதிரைகளுக்குப் போடுவது போல. அதனால் ஐந்துக்கு எதிராகப் பேசப் பெரியப்பாவை அழைத்திருந்தார்.

கூட்டம் நடந்த அறையில் சின்ன வகுப்பு நாற்காலிகள். பெரிய மனிதர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பக்கவாட்டில் சுவரோரமாக நின்றார்கள். முதலில் பூகோள டீச்சர் பேசினார். பிள்ளைகள் வகுப்பில் தூங்குகிறார்கள், போன வருஷம் மூன்று பேர் தேர்வு நடக்கும்போதே மயங்கி விழுந்தார்கள், ஐந்து போதும் என்றார்.

"அஞ்சுன்னா மிச்ச நேரத்துல பிள்ளைங்க என்னங்க பண்ணும்?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"தூங்கட்டுமே."

அறையில் இப்படி ஒரு ஆபாசத்தை யாரும் கேட்டதில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் "தூங்கறதுக்கா பெத்து வளக்கறோம்?" என்று சத்தமாகவே கேட்டார். பகலில் தூக்கம் வராமல் இருக்க அவர் கடையில் மாத்திரை விற்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருந்தது.

பிறகு பெரியப்பா மைக்கைப் பிடித்தார். அழகாகப் பேசினார், அதை மறுக்க முடியாது.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. நான் ஜெராக்ஸ் கடைக்காரன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஒரு கையில அஞ்சு விரலு, அதனால அஞ்சு போதும்னு டீச்சரம்மா நெனைக்கறாங்க. நமக்கு ரெண்டு கை இருக்குங்களே!"

கைதட்டல். அப்படிப் பார்த்தாலும் பத்துதானே வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

"நான் எடுத்தேங்க. பன்னிரண்டு எடுத்தேன். செத்தா போயிட்டேன்? உங்க முன்னாடி நிக்கறேன்."

மறுபடி கைதட்டல். அது அடங்கும்போது, பின்வரிசையில் தையற்கடைக்காரர் எழுந்து நின்றார். காதில் பென்சில் செருகியிருந்தது. கிண்டல் செய்யத் தெரியாத மனிதர். யாராவது கிண்டல் செய்தாலும் அளவெடுப்பது போலக் கவனமாகக் கேட்டுக்கொள்பவர்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? என் பையன் ஒன்பது எடுக்கறான். நீங்க சொன்னீங்கன்னுதான். மாதிரிப் பரீட்சையில ஆறுல போயிடுச்சு. ராத்திரியெல்லாம் தனியா பேசறான். நீங்க பன்னிரண்டுலயும் எப்படிண்ணே பாஸ் பண்ணீங்க? எதை முதல்ல படிச்சீங்க, எதைக் கடைசியா படிச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க. பையனுக்குச் சொல்றேன்."

பெரியப்பா எச்சில் விழுங்கியது மைக்கில் கேட்டது.

"அது வந்து… அந்தக் காலத்துப் பாடத்திட்டம் வேற."

"பாடம் வேறதான். பாஸு பாஸுதானேண்ணே?"

"அந்தக் காலத்துல பாஸு கீஸுன்னு யாரும் அவ்வளவா…" வாக்கியம் நடுவழியில் நின்றுவிட்டது. அவரால் பொய் சொல்ல முடியாது. அது அவருடைய கர்வம். உண்மையும் சொல்ல முடியாது. அது அவருடைய பிழைப்பு. என் பக்கத்தில் பெரியம்மா மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அது எப்படிச் சுற்றுகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொள்ளப் போகிறவர் போல. பூகோள டீச்சர் மெல்ல முன்னால் சாய்ந்தார். அவருக்கு ஏதோ மூக்கில் வியர்த்துவிட்டது.

சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மாமா, நான் சொல்றேன்."

பாப்பா.

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு. பன்னிரண்டு எடுத்தேன்னா எடுத்தாருதான். பன்னிரண்டு பரீட்சைக்கும் போய் உக்காந்தாரு. ஒண்ணைக் கூட விடல. பயந்து பாதியில எந்திரிச்சு வரல. நம்மள்ல யாரு அப்படி உக்காந்திருக்கோம்?"

அறை அதிர்ந்தது. மருந்துக்கடைக்காரரே தட்டினார். தையற்காரரும் தட்டினார். தட்டி முடித்த பிறகு, தனக்கு வேண்டிய பதில் இதில் எங்கே இருக்கிறது என்று தேடுபவர் போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

"அப்பாவுக்கு உடம்பு முடியல. கூட்டிட்டுப் போறேன்" என்று பாப்பா மைக்கைப் பெரியப்பா கையிலிருந்து விடுவித்து மேசையில் வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். பாப்பா முன்னால் நடந்தாள், பெரியப்பா பின்னால். வீட்டுக்குள் வந்ததும் அவள் விண்ணப்பத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். நான்கு பாடங்கள் எழுதியிருந்தது. மிச்சக் கட்டங்களில் குறுக்காக ஒரு கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது. பக்கத்தில் பேனா.

பெரியப்பா விண்ணப்பத்தைப் பார்க்கவில்லை. "எப்பத் தெரியும் உனக்கு?"

"அத்தை உங்களோட சண்டை போட்டுக்கிட்டுப் போனாங்களே, அன்னிக்கு. ரெண்டுலதான் பாஸுன்னு வாசல்ல நின்னு கத்தினாங்க. தெருவே கேட்டுது."

"தெருவே கேட்டுதா?"

"கேட்டுது. யாரும் நம்பல. பொறாமையில பேசறாங்கன்னு சொன்னாங்க."

அந்த நேரத்திலும் பெரியப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதை நான் பார்த்தேன்.

"நான் நம்பினேன்" என்றாள் பாப்பா. "ஏன்பா பன்னிரண்டு எடுத்தீங்க? யாராவது எடுக்கச் சொன்னாங்களா?"

பெரியப்பா பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு, மெஷின் ஏன் நின்றுபோனது என்று வாடிக்கையாளருக்கு விளக்கும் குரலில் சொன்னார்.

"நாலு எடுத்தா நாலுலயும் போயிடும்னு எனக்குத் தெரியும்மா. நாலுல நாலும் போச்சுன்னா தெருவுல தலைகாட்ட முடியுமா? பன்னிரண்டு எடுத்தா எத்தனை போச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு தோணிச்சு. கேக்கவும் இல்ல. இன்னிக்கு வரைக்கும்."

பெரியம்மா சமையலறை வாசலில் நின்றுவிட்டார். இது அவருக்கும் புதுசு என்று முகத்தில் தெரிந்தது. இவ்வளவு பெரிய கோட்டையைப் பெரியப்பா கட்டியது உள்ளே பதுங்கிக்கொள்ளத்தான். அதற்குள் தெருப் பிள்ளைகளையெல்லாம் இழுத்துப் போட்டது அவருக்கே தெரியாமல் நடந்துவிட்டது.

"எனக்கு நாலுலயும் போகாதுப்பா" என்றாள் பாப்பா.

பெரியப்பா அப்போதுதான் விண்ணப்பத்தைப் பார்த்தார். பழக்கதோஷம், வரி வரியாகப் படித்தார். படித்து முடித்ததும் அவர் கண்ணில் பழைய வெளிச்சம் ஒன்று லேசாகத் தலைகாட்டியது.

"அஞ்சாவதா தத்துவம் மட்டும்…"

"கையெழுத்தைப் போடுங்க" என்றார் பெரியம்மா.

போட்டார். சுழி, வால், கீழே இரண்டு கோடு எல்லாம் வைத்த கையெழுத்து. இரண்டாவது கோடு கொஞ்சம் கோணிவிட்டது.

மறுநாள் விண்ணப்பத்தைக் கொடுக்க நானும் பாப்பாவோடு போனேன். பள்ளிக்கூட அலுவலக எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ பன்னிரண்டு மகதானே? நாலுதான் இருக்கு. மிச்ச எட்டு?"

"அதெல்லாம் எங்கப்பா எடுத்துட்டாரு, சார்."

எழுத்தருக்குப் புரிந்ததோ என்னவோ, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அன்று சாயங்காலம் பெரியப்பா செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். கடையைப் பாதியில் விட்டுவிட்டுத் தையற்கடைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார், துணைக்கு. தையற்காரர் ஒரு கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். பையன் உள்ளே உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நேத்து நீ கேட்டியே" என்று பெரியப்பா தொடங்கினார். "நான் பன்னிரண்டுலயும் பாஸ் பண்ணல. ரெண்டுலதான். பையனை நாலோட நிறுத்திக்கச் சொல்லு."

தையற்காரர் கால்சட்டையைக் கீழே வைத்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"உங்களுக்கு எவ்வளவு அடக்கம்ணே!"

"அடக்கம் இல்லப்பா, நிஜமாவே…"

"நேத்து அத்தனை பேர் தட்டினாங்க. இன்னிக்கு ரெண்டுன்னு சொல்றீங்க. இந்த மனசு யாருக்கு வரும்? டேய், வெளியில வந்து பாருடா, பெரிய மனுஷன்னா எப்படி இருக்கணும்னு!"

பெரியப்பா என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகச் சொல்லியிருக்கிறார்; அதையும் எடுத்துக்கொள்ள ஆளில்லை. நான் வாயைத் திறந்தேன். மூன்று பாடத் தேசங்களிலிருந்து வந்தவளின் வார்த்தைக்கு அந்தத் தெருவில் என்ன மதிப்பு என்று நினைத்து மூடிக்கொண்டேன்.

ஆனால் பையன் தப்பித்தான். அப்பா சொன்னதால் அல்ல. பன்னிரண்டின் மகளே நாலுதான் எடுத்திருக்கிறாள், அப்படியானால் நாலில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று எழுத்தர் மூலம் பரவியதால். தையற்காரர் ஒன்பதை நான்காக வெட்டினார். முடிதிருத்தும் கடைக்காரர் தன் இளைய மகளுக்கு ஏழிலிருந்து இறக்கினார். கடைசி நாளுக்குள் பாதித் தெரு நான்குக்கு வந்துவிட்டது. எதற்கு நான்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பூகோள டீச்சர் தன் பேச்சுக்குக் கிடைத்த வெற்றி என்று சந்தோஷப்பட்டார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

கடைசி நாளன்று மருந்துக்கடைக்காரர் கடைக்கு வந்தார். வரிசையில் நின்றவர்களையெல்லாம் முன்னே அனுப்பிவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லாதபோது மேசையின் மேல் சாய்ந்தார். கையில் ஒப்புக்கு ஒரு வீட்டு வரி ரசீது.

"அண்ணே, நம்ம பையனுக்குப் பதினொண்ணுல எட்டைக் குறைச்சுடலாம்னு இருக்கேன். ஊரே நாலுக்கு வந்துடுச்சு. நாம மூணுல நின்னா எப்படி? இன்னும் ஒரு படி மேல போன மாதிரி இருக்காது?"

பெரியப்பா ரசீதை வாங்கினார். படித்தார். முதுகு மெல்ல நிமிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். மூன்று என்ற எண்ணைப் பற்றிச் சொல்வதற்கு அவருக்குள் ஏதோ ஒன்று திரண்டு வருவது எனக்கே தெரிந்தது.

லேமினேஷன் மெஷின் பக்கமிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"எத்தனை காப்பி வேணும்னு மட்டும் கேளுங்க."